கூழைவால் நாட்டாமையின் அரைவளைச் சட்டம்

காட்டோரத்தில் ஒரு தினைக் கொல்லை. உழும்போது தட்டுப்பட்ட கற்களையெல்லாம் பொறுக்கி ஒரு மூலையில் குவித்திருந்தார்கள். அந்தக் கல்குவியலுக்குள் சுண்டெலிகள் ஓர் ஊரே கட்டிக்கொண்டு குடியிருந்தன.

ஆதியில் அந்த ஊரில் எல்லாருக்கும் நெட்டைவால்தான். வாலைத் தினைத்தட்டைத் தண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டு கதிர் உச்சிவரை ஏறுவார்கள். வேண்டிய மட்டும் கொறிப்பார்கள், மிச்சத்தை வளைக்குக் கொண்டுவருவார்கள்.

ஒருநாள் காட்டுப் பக்கமிருந்து ஓர் ஆண் எலி வந்து சேர்ந்தது. அதன் வால் புளியங்கொட்டை நீளம்கூட இல்லை. கூழைவால். "பாவம், பூனை கடித்திருக்கும்" என்று இரக்கப்பட்டு ஊரார் இடம் கொடுத்தார்கள். கொஞ்சநாளில் பெண்ணும் கொடுத்தார்கள். பிறந்த குஞ்சுகளைப் பார்த்தால் அத்தனையும் கூழைவால்!

ஊர் வாயைப் பிளந்தது. எந்த வீட்டிலும் குஞ்சுகளில் பாதி அப்பன் ஜாடை, பாதி அம்மா ஜாடை என்றுதான் பிறக்கும். இங்கே அம்மாவின் வால் ஒரு குஞ்சுக்குக்கூட வரவில்லை. அந்தக் குஞ்சுகளில் ஆண்கள் வளர்ந்து கல்யாணம் கட்டினார்கள். அவர்கள் வீட்டிலும் அதே கதை. தப்பித் தவறி ஒரு நெட்டைவால் பிறந்தால் உண்டு.

"எங்கள் ரத்தம் அப்படி" என்று கூழைவால்கள் மீசையை முறுக்கிக்கொண்டன.

ரத்தமாவது மண்ணாவது. விஷயம் எலிகளுக்குத் தெரியாது, உங்களுக்குச் சொல்வதற்கென்ன. அந்த அப்பன் எலி உடம்பில் வாலுக்கென்று இரண்டு விதை. ஒன்று கூழை, ஒன்று நெட்டை. குஞ்சு உருவாகிற நேரத்தில் இரண்டும் ஓட்டப்பந்தயம் ஓடும். முந்துகிற விதை எதுவோ அதன் வால் குஞ்சுக்கு. ஒழுங்காக ஓடினால் ஒருதரம் இது ஜெயிக்கும், ஒருதரம் அது ஜெயிக்கும். இந்தக் கூழைவால் விதை இருக்கிறதே, அது ஒழுங்காக ஓடுகிற ஜாதி இல்லை. பக்கத்தில் ஓடிவருகிற விதையின் காலை வாரிவிட்டுத்தான் ஓடும். அப்புறம் எப்படித் தோற்கும்? ஆனால் அந்த வேலையெல்லாம் அப்பன் உடம்பில்தான் நடக்கும். அம்மா எலியின் உடம்பில் அதன் ஜம்பம் சாயாது. அங்கே பாதிக்குப் பாதிதான். குஞ்சுக்கு அப்பன் ஒரு விதை, அம்மா ஒரு விதை கொடுப்பார்கள், அதில் ஒன்று கூழையானாலும் குஞ்சு கூழைவால்தான்.

இப்படியே கூழைவால் ஊரில் பாதிக்கு மேல் பரவிவிட்டது. பரவியதால் அது ஒசத்தி என்று பேச்சு வந்தது. ஒசத்தி என்று பேச்சு வந்ததும் பஞ்சாயத்தில் இடம் வந்தது. கூழைவால்களால் தினைத் தட்டையில் ஏற முடியாது, பாதியிலேயே பொத்தென்று விழுவார்கள். "கீழே உதிர்ந்ததைப் பொறுக்கித் தின்பதுதான் மரியாதைப்பட்டவர்களுக்கு அழகு" என்று அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தார்கள்.

நம் கதை நடக்கும்போது கூழையன் என்பவர் நாட்டாமை. நல்ல மனுஷர்தான், எலியாக இருந்தாலும். பெருமை மட்டும் கொஞ்சம் தலைக்கேறிவிட்டது. நாட்டாமை ஆனதும் இரண்டு சட்டம் போட்டார். கூழைவால்கள் கூழைவால்களைத்தான் கட்டவேண்டும் என்பது ஒன்று. மற்றது கொஞ்சம் கொடூரம். வழக்கமாக ஒரு வளையில் எட்டுக் குஞ்சு பிறக்கும், அதில் பாதியோடு நிற்கிற தாய்க்கு 'அரைவளைக்காரி' என்று பெயர். மூன்றாம் தடவையும் ஒருத்தி அரைவளை காட்டினால், ஊருக்கு ஆகாதவள் என்று ஓடைக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட வேண்டும். ஓடைக்கு அந்தப் பக்கம் என்றால் ஆந்தை குடியிருக்கிற மருதமரம்.

அந்தச் சட்டம் சுற்றி வளைத்து நாட்டாமையின் மூத்த மகள் கடுகியின் தலையிலேயே வந்து விழுந்தது.

கடுகியின் தங்கை சாமை. இன்னும் கல்யாணம் ஆகாதவள். சும்மா இருக்கத் தெரியாதவள். எதையும் மோந்து பார்த்து, கடித்துப் பார்த்து, கேட்டுப் பார்த்துத்தான் நம்புவாள். அக்காவுக்குக் குஞ்சு பிறந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் ஒரே ஓட்டமாக வந்தாள்.

"அக்கா, இந்தத் தடவை நிறைஞ்சிருக்கா?"

கடுகி மெத்தைகளைக் காட்டினாள். எட்டுக் குஞ்சுக்கென்று இலவம்பஞ்சில் எட்டு மெத்தை செய்து வைத்திருந்தாள். நாலில் குஞ்சுகள் தூங்கின. நாலு காலியாகக் கிடந்தன.

"எட்டுப் பேருக்கும் சேர்த்துத்தாண்டி சாப்பிட்டேன். என்ன தப்பு பண்ணினேன்னே தெரியலை" என்றாள் கடுகி.

சாமை காலி மெத்தைகளை எண்ணிப் பார்த்தாள். இது மூன்றாம் தடவை. குஞ்சுகள் கண் திறந்ததும் 'குஞ்சு காட்டு' நாள் வந்துவிடும். அப்பா பஞ்சாயத்தாரோடு வளை வளையாக வந்து எட்டிப் பார்ப்பார். அப்புறம் அக்கா இந்த நாலு குஞ்சுகளையும் வாயில் கவ்விக்கொண்டு ஓடையைத் தாண்ட வேண்டியதுதான்.

சாமை அப்பாவிடம் ஓடினாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சட்டம் போட்டதே நான்தான் சாமை. என் மகளுக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயம்னு பேச்சு வரக்கூடாது" என்றார். அழுதால் நாட்டாமைக்கு அழகில்லை என்று எழுந்து போய்விட்டார்.

சரி, மற்ற கூழைவால் வீடுகளில் மட்டும் எப்படி வளை நிறைகிறது? ஏதாவது மருந்து இருக்குமோ? கேட்டுவிட வேண்டியதுதான் என்று சாமை கிளம்பினாள். முதலில் போனது காடைக்கண்ணி அத்தை வீட்டுக்கு. அப்பாவின் ஒன்றுவிட்ட தங்கை. ஊரிலேயே பெரிய வளை அவளுடையது. வாய் அதைவிடப் பெரியது.

அத்தை உடனே உள்ளே விடவில்லை. "இரு, இரு, வீடு போட்டது போட்டபடி கிடக்குது" என்று வாசலிலேயே நிறுத்திவைத்தாள். உள்ளே என்னவோ தடபுடல். பிறகுதான் கூப்பிட்டாள். மெத்தைகளெல்லாம் நிரம்பியிருந்தன. ஓரத்து மெத்தையில் ஒரு குஞ்சுக்கு விடாமல் விக்கல்.

"என்ன சாப்பிட்டீங்க அத்தை, இப்படி நிறைஞ்சிருக்கு?"

"சாப்பிடறதுல என்னடி இருக்கு? எல்லாம் குடும்ப லட்சணம். உங்க அக்காவுக்குக் கொஞ்சம் அலட்சியம் ஜாஸ்தி, அதான்" என்றாள் அத்தை.

'அக்காவும் அதே குடும்பம்தானே' என்று நாக்கு நுனிவரை வந்தது. சாமை அடக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். பஞ்சாயத்துக்காரர் ஒருவர் வீடு. அங்கேயும் வாசலில் நிறுத்தினார்கள். அங்கேயும் உள்ளே தடபுடல். உள்ளே போனால் அங்கேயும் நிறைந்த வளை. அங்கேயும் ஒரு குஞ்சுக்கு விக்கல்!

சாமை குனிந்து மோந்து பார்த்தாள். சந்தேகமே இல்லை. அதே குஞ்சு, அதே பால் வாசனை. 'அப்படியா சேதி?' என்று நினைத்துக்கொண்டாள். விடைபெற்றுக்கொண்டு வெளியே வந்தாள், வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைப்புறப் பொந்தின் பக்கம் போய் ஒரு கல்லுக்குப் பின்னால் பதுங்கினாள். கொஞ்ச நேரத்தில் பொந்து வழியாக ஒரு நெட்டைவால்காரி வந்தாள். வாயில் ஒரு குஞ்சு. குஞ்சுக்கு விக்கல்.

அவள் பெயர் சோளி. அவளுடைய கணவன் கூழைவால். சட்டம் வருவதற்கு முன்னாலேயே கட்டிக்கொண்டவர்கள். அதனால் பெரிய வீட்டார் யாரும் அவர்களோடு ஒட்டுவதில்லை, வெளிச்சத்தில் பார்த்தால்.

"மாட்டிக்கிட்டியா அக்கா?" என்று சாமை எதிரில் வந்து நின்றாள்.

சோளி குஞ்சைக் கீழே வைத்தாள். பயப்படுவாள் என்று பார்த்தால் சிரித்துவிட்டாள்.

"நான் எங்கடி மாட்டிக்கிட்டேன்? மாட்டிக்கிட்டது உங்க பெரிய வீட்டுக்காரங்க. என் வளையில குஞ்சு வழியுது. பால் கொடுத்தே நான் தேய்ஞ்சு போயிட்டேன். அத்தனையும் கூழைவால், பார்க்கிறவங்களுக்கு வித்தியாசமும் தெரியாது. விருந்தாளி வந்தா கொஞ்ச நேரத்துக்குக் கேட்பாங்க, கொண்டுபோய் விடுவேன். குஞ்சு காட்டு அன்னைக்குத்தான் பெரும்பாடு. உங்கப்பா முன்வாசல்ல ஒரு வீட்டைவிட்டு வெளியே வருவார், நான் பின்வாசல்ல அடுத்த வீட்டுக்கு ஓடணும்."

"எந்தெந்த வீட்டுக்கு?"

"கேட்காத வீட்டைச் சொல்றது சுலபம். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் கூழைவாலா இருக்கிற வீட்டுல கேட்காதவ உங்க அக்கா ஒருத்திதான்."

சாமைக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அத்தனை பெரிய வீட்டிலும் அரைவளை. அத்தனை பேரும் தனக்கு மட்டும்தான் இந்தக் குறை என்று நினைத்து, ஒருத்திக்கொருத்தி மூச்சு விடாமல் மறைத்திருக்கிறார்கள். மறைக்காமல் நின்றவளைத் துரத்தப் போகிறார்கள்.

"அப்போ அக்காவுக்கும் நாலு குஞ்சு தருவியா?"

"கேட்டா தரமாட்டேனா?"

சாமை துள்ளிக் குதித்துக்கொண்டு கடுகியிடம் ஓடினாள். நடந்ததையெல்லாம் சொன்னாள். கடுகி நிதானமாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு மாட்டேன் என்று தலையாட்டினாள்.

"வேண்டாண்டி. எத்தனை தடவை வாங்குவேன்? என் பொண்ணுங்களும் நாளைக்கு வாங்கணும், அவங்க பொண்ணுங்களும் வாங்கணும். சோளிக்கு முடியாம போனா? அன்னைக்கு எவளோ ஒருத்தி ஓடை தாண்டித்தானே ஆகணும்?"

"அதுக்காக நீ போவியா?"

"எனக்கு மட்டும் ஆசையா? பயமாத்தான் இருக்கு" என்று கடுகி குஞ்சுகளை இழுத்து அணைத்துக்கொண்டு அழுதாள். சாமையும் கூட உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்ததும் சாமைக்கு மூளை நன்றாக வேலை செய்தது. சிலருக்கு அப்படித்தான்.

மறுநாள் அவள் அப்பாவிடம் போனாள். அக்கா பேச்சையே எடுக்கவில்லை.

"அப்பா, எனக்கு ரொம்ப நாளா ஒரு வருத்தம். நம்ம கூழைவால் பெருமை யாருக்குமே சரியா தெரியலை."

நாட்டாமை நிமிர்ந்தார். "ஏன், தெரியாம என்ன?"

"குஞ்சு காட்டு அன்னைக்கு நீங்க ஒவ்வொரு வளையா குனிஞ்சு பார்க்கிறீங்க. உங்க கண்ணுக்குத் தெரியுது, சரி. ஊருக்கு என்ன தெரியும்? எல்லாத் தாய்மாரும் ஒரே சமயத்துல நம்ம கல்குவியலுக்கு வெளியே இருக்கிற சப்பட்டைப் பாறைக்குக் குஞ்சுகளோட வந்து நின்னா எப்படி இருக்கும்? பாறை முழுக்கக் கூழைவால். நடுவுல நீங்க. அணில், ஓணான், கௌதாரி எல்லாம் வேடிக்கை பார்க்க வரும்."

நாட்டாமைக்கு வாயெல்லாம் பல். "இது ஏன் எனக்குத் தோணாம போச்சு? யாரங்கே, தண்டோரா போடு!" என்றார்.

தண்டோராச் சத்தம் கேட்டதும் பெரிய வீடுகளில் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. சோளி வீட்டுப் பின்வாசலில் கூட்டம் தாங்கவில்லை. "எனக்கு நாலு", "எனக்கு அஞ்சு", "போன தடவை நான்தான் முதல்ல கேட்டேன்" என்று ஒரே இரைச்சல். ஒருத்தியைப் பார்த்ததும் மற்றவள் திடுக்கிட்டாள். இருந்தாலும் வந்த காரணத்தை யாரும் யாரிடமும் கேட்கவில்லை. சோளி கதவை அடைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு நானும் என் குஞ்சுகளைக் காட்டணுமே, உங்களுக்கு எங்கே போறது?" என்று உள்ளேயிருந்தே சொன்னாள்.

குஞ்சு காட்டு நாள் விடிந்தது. பாறையைச் சுற்றி நல்ல கூட்டம். அணில் குடும்பத்தோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டது. நாட்டாமை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடுவில் நின்றார்.

தாய்மார்கள் வந்தார்கள். பாதிக் குஞ்சோடு ஒருத்தி. பாதிக் குஞ்சோடு இன்னொருத்தி. அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. நாட்டாமையின் நெஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. காடைக்கண்ணி அத்தை மட்டும் கடைசி நிமிஷத்தில் சோளியின் கூட்டத்திலிருந்து விக்கல் குஞ்சை நைசாக இழுத்தாள். அதே குஞ்சின் மறுகாலைப் பஞ்சாயத்துக்காரர் மனைவி பிடித்து இழுத்தாள்.

"அம்மா தாயே, விடுங்க! ரெண்டு பேரும் இழுத்தா என் புள்ளைக்கு வால் கூழை, கால் நெட்டைன்னு ஆயிடும்" என்று சோளி கத்தினாள்.

அணில் விழுந்து விழுந்து சிரித்தது. குட்டு உடைந்துவிட்டது.

"என்ன இதெல்லாம்?" என்று நாட்டாமை உறுமினார்.

காடைக்கண்ணி அத்தை குஞ்சை விட்டாள். அந்தப் பெரிய வாயிலிருந்து மெல்லிய குரல் வந்தது. "எனக்கும் அரைவளைதான் அண்ணா. முதல் தடவையிலிருந்தே. எனக்கு மட்டும்தான்னு நினைச்சு வெளியே சொல்லலை."

"எனக்கும்" என்றாள் அடுத்தவள். "எனக்கும்" என்றாள் அவளுக்கு அடுத்தவள். அத்தை கடுகியைப் பார்த்தாள், பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்போ சட்டப்படி நீங்க எல்லாரும் ஓடை தாண்டணும்" என்றார் நாட்டாமை.

"தாராளமா தாண்டட்டும்" என்று கூட்டத்திலிருந்து ஒரு நெட்டைவால்காரர் சொன்னார். "அப்புறம் நாட்டாமை யாருக்கு நாட்டாமை? கௌதாரிக்கா?"

சாமை பாறை நடுவில் வந்து நின்றாள்.

"அப்பா, கோபப்படாம சொல்லுங்க. சோளி அக்காவுக்கு என்ன வால்?"

"நெட்டை."

"அவங்க வீட்டுக்காரருக்கு?"

"கூழை."

"வளை?"

"அதான் வழியுதே."

"வேலியோரத்து வீட்டுல அம்மா கூழை, அப்பா நெட்டை. அங்கேயும் வளை நிறைஞ்சிருக்கு, குஞ்சுகள் ரெண்டும் கலந்திருக்கு. காடைக்கண்ணி அத்தை வீட்டுல ரெண்டு பேரும் கூழை. அக்கா வீட்டுலயும் ரெண்டு பேரும் கூழை. அங்கெல்லாம் அரைவளை. நம்ம அம்மாவுக்கு என்ன வால் அப்பா?"

நாட்டாமை கண்ணை மூடிக்கொண்டார். செத்துப்போன அவர் மனைவி நெட்டைவால்காரி. தினைத்தட்டையில் ஏறி அவருக்கும் சேர்த்துக் கதிர் பறித்துப் போட்டவள். அவர் வீட்டில் குஞ்சுகள் இடம் போதாமல் ஒன்றின்மேல் ஒன்றாகத்தான் தூங்கும். சட்டம் போட்ட அன்று அது அவர் ஞாபகத்துக்கு வரவே இல்லை.

இப்போது உங்களுக்கும் புரிந்திருக்கும். காலை வாரிவிட்டு ஜெயித்துக்கொண்டே வந்த அந்த விதை, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று ஒரே குஞ்சில் இரண்டும் கூழையாகச் சேர்ந்துவிட்டால், அந்தக் குஞ்சு பிறப்பதே இல்லை. அம்மா கொடுப்பது பாதிக்குப் பாதி, அதனால்தான் வளையும் பாதி. எதிரில் வாரிவிட வேறு கால் இல்லாதபோது அது தன் காலையே வாரிக்கொள்கிறது.

பிற்பாடு நடந்ததெல்லாம் நல்ல வேடிக்கை. இரண்டு சட்டமும் போயின. அதுவரை மூலையில் உட்கார்ந்திருந்த நெட்டைவால் பையன்களுக்கு ஒரே கிராக்கி. வாலைத் தடவித் தடவி அவர்கள் செய்த அலட்டல் தாங்க முடியவில்லை. சோளி தன் குஞ்சுகளைப் பெரிய வீடுகளில் பால் குடிக்க விட்டாள். ஒளித்து அல்ல, முன்வாசல் வழியாக. சாமை ஒரு நெட்டைவால்காரனைக் கட்டிக்கொண்டாள். முன்னும் பின்னும் மோந்து பார்த்து, கதிர் உச்சிவரை ஏறச்சொல்லிப் பார்த்து, அதற்குப் பிறகுதான் சரி என்றாள்.

ஆனால் அன்று பாறையில், கூட்டம் கலையும் முன்பே, நாட்டாமை கடுகியின் எதிரில் போய் நின்றார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அழுதால் அழகில்லை என்பதெல்லாம் அவருக்கு அப்போது மறந்துபோயிற்று.

"அந்த வாலை உனக்குக் கொடுத்தவன் நான். அதே வால்காரனைப் பார்த்துக் கட்டிவச்சவனும் நான். குஞ்சு குறைஞ்சதுக்குப் பழியை மட்டும் உன் தலையில போட்டு, ஆந்தைக்கு அனுப்பவும் பார்த்தேனே அம்மா" என்றார்.

கடுகி அப்பாவின் மீசையைத் துடைத்துவிட்டாள். "வாங்கப்பா, உங்க பேரப்பிள்ளைங்க நாலு பேரையும் கிட்ட வந்து பாருங்க" என்றாள்.

அதனால் பிள்ளைகளே, பெரியவர்களே, மற்றவர் காலை வாரிவிட்டு ஊரெல்லாம் பரவுவது ஒசத்தி ஆகிவிடாது. அடுத்தவருக்கும் பாதி இடம் விடுகிறவர் வீடுதான் நிறையும்.